படுக்கைக்கு மேலே தண்ணீர்

மெல்வின் காரிட்டியின் கால்கள் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் இடது பாதம் தரையில் இழுபட்டது. பிறகு முழங்கால், சொன்ன பேச்சைக் கேட்காமல், நின்ற இடத்தில் மடங்கியது. பிரைட்டன் தடத்தில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் காலையில் என்ஜின் ஏணியின் முதல் படியில் கால் வைத்தான். இரண்டாவதில் வைக்க முடியவில்லை. அதோடு வேலை போயிற்று. நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய் என்றார்கள். எம்.எஸ். என்று அதற்கு இரண்டெழுத்துப் பெயர்.

லண்டனில், ஸ்ட்ரெத்தமில் எங்கள் தெருவின் கடைசியில் இருக்கும் பழைய செங்கல் வீட்டின் மாடிப் பகுதி அவர்களுடையது. அவனும் மனைவி லொரெய்னும் கல்யாணமான புதிதில் வாங்கியது. வாங்கியது என்றால் குத்தகைக்கு வாங்கியது. உள்ளே இருக்கும் கட்டிலும் காற்றும் வாங்கியவருடையவை. சுவரும் தரைக்கு அடியிலுள்ள உத்திரமும் குழாயும் நிலத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியுடையவை. கால் நன்றாக இருந்தவரை இந்த வித்தியாசம் அவர்களை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து வீடுகளில் குளியலறையைப் பின்பக்க ஒட்டுக்கட்டடத்தில் தள்ளிவிடுவார்கள். மெல்வின் படுக்கையறையிலிருந்து வெளியே வந்து, நீளமான நடையைக் கடந்து, ஐந்து படி இறங்கினால்தான் கழிப்பறை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஆரோக்கியமாக இருப்பவர்கள் கணக்கு வைப்பதில்லை. மெல்வின் வைத்திருந்தான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தான். டீயை விட்டான். அதனால் சிறுநீரில் தொற்று வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தான்.

படுக்கையறை பெரியது. அதன் ஒரு மூலையைத் தடுத்து அங்கே குளியலறையைக் கொண்டுவந்துவிட்டால் கட்டிலிலிருந்து நாலு எட்டு. லொரெய்ன் கம்பெனியின் நிர்வாகி கிரெஸ்வெல்லிடம் அனுமதி கேட்டாள். அவர் மரியாதையான மனிதர். ஒவ்வொரு தடவையும் வருத்தம் தெரிவித்துவிட்டு இன்னொரு வரைபடம் கேட்டார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "கீழ்வீட்டுக்காரரோட படுக்கையறைக்கு நேர் மேல தண்ணி புழங்கற அறை வருது, மிஸஸ் காரிட்டி. அவர் சம்மதிக்கலைன்னா கம்பெனி யோசிக்கும்."

கீழ்வீட்டுக்காரர் கோர்டன் டல்லக். எழுபது தாண்டிய ஸ்காட்லாந்துக்காரர், மனைவியை இழந்தவர், காது மந்தம். ரோஜாச் செடிக்குக்கூடத் திட்டித்தான் தண்ணீர் விடுவார். லொரெய்ன் இஞ்சிக் கேக் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினாள்.

"கேக்கை வச்சுட்டுப் போ. கேள்வியை எடுத்துட்டுப் போ" என்றார் கோர்டன்.

"கோர்டன், ஒரு நிமிஷம் கேளுங்க. மெல்வினால அந்தப் படி இறங்க முடியல."

"முடியலன்னா கீழ்தளத்துல வீடு பார்த்துப் போகணும். ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

"இதை வித்துட்டுப் போனா எங்களுக்கு இந்த ஊர்ல ஒரு கராஜ்கூடக் கிடைக்காது. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது இதுதான். உனக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்தவ துணி துவைக்கிற மெஷினைப் போட்டுட்டுக் கடைக்குப் போனா. என் சமையலறைக் கூரை என் சூப்புல விழுந்துச்சு. இப்ப நீ என் தலைக்கு மேல கக்கூஸ் வைக்கறேங்கற. நான் தூங்கும்போது மேல உன் புருஷன் சங்கிலி இழுப்பான். வேண்டாம்மா. நான் சாகற வரைக்கும் வேண்டாம்."

கதவு மூடியது. ஒரு நொடியில் திறந்தது. கேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

ஆகஸ்டில் மெல்வின் விழுந்தான். லொரெய்ன் பள்ளிக்கூட விடுமுறை முகாமில் சமையல் வேலைக்குப் போயிருந்தாள். மூன்றாவது படியில் கால் மடங்கி, தலை குளியலறைக் கதவில் இடித்து, அவள் வரும்வரை அப்படியே கிடந்தான். அவள் வந்து பார்த்தபோது நெற்றி ரத்தம் காய்ந்திருந்தது. கால்சட்டை நனைந்திருந்தது. அவன் சுவரைப் பார்த்தபடி கிடந்தான்.

"முதல்ல துணியை மாத்திவிடு. அப்புறம் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு" என்றான். "அவங்க என்னை இப்படிப் பார்க்க வேண்டாம்."

அன்றைக்கு ராத்திரியே லொரெய்ன் தன் தம்பிக்குப் போன் செய்தாள்.

டீன் குழாய் வேலைக்காரன். கை வேகம், வாய் அதைவிட வேகம். வந்து படுக்கையறைத் தரையை ஷூ காலால் தட்டிப் பார்த்தான். "இதுக்கா இத்தனை மாசம் கெஞ்சிக்கிட்டிருந்த? அனுமதி கேக்கறவனுக்குத்தான்கா இல்லைன்னு பதில் வரும். கேக்காதவனுக்கு யார் பதில் சொல்றது? உங்க கீழ்வீட்டுச் சிங்கம் செப்டம்பர்ல ஸ்காட்லாந்துல ஓபன்கற ஊருக்கு, மக வீட்டுக்குப் போகுமில்ல? அது கர்ஜிக்கத் திரும்பி வரும்போது இங்க எல்லாம் முடிஞ்சு, பெயின்ட் காஞ்சிருக்கும்."

"கண்டுபிடிச்சா வீடே போயிடும், டீன். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

"யாரு அக்கா தரையை உரிச்சுப் பார்க்கப் போறாங்க?"

லொரெய்ன் கணவனைப் பார்த்தாள். அவன் நெற்றியில் தையல் பளபளத்தது. "எனக்கு ஒரு ஆசைதான்" என்றான் மெல்வின். "நானாப் போய், நானா வரணும். மத்ததை நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க."

கோர்டன் பெட்டியை உருட்டிக்கொண்டு ரயிலுக்குப் போன மறுநாள் டீன் வந்தான். தரைப் பலகை பெயர்ந்தது. தெருவில் யாராவது நின்றால் லொரெய்ன் டீனின் சுத்தியலை நிறுத்தச் சொன்னாள். குப்பையை ஒரே நாளில் வெளியே வைக்காமல் சின்னச் சின்னப் பைகளாகப் பள்ளிக்கூடத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். படுக்கையறைச் சன்னலுக்குக் கனமான திரை போட்டாள். இந்த வயசில் தன் வீட்டிலேயே திருடி மாதிரி நடமாட வேண்டியிருக்கிறதே என்று நினைப்பாள். அடுத்த நிமிஷம் மெல்வின் கிடந்த கோலம் கண்ணுக்கு வரும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பழைய குளியலறைக்கு வந்த குழாயை அறுத்துத்தான் டீன் புதியதற்கு இணைத்தான். அதனால் சில நாட்களாக வீட்டில் குளியலே இல்லை, ஈரத்துணிதான். டீன் ஓடு பதித்து, ஷவர் தட்டைப் பொருத்தி, கடைசி வேலைகளை இழுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

லொரெய்ன் திரையை விலக்கிப் பார்த்தாள். கோர்டன்.

மருமகனோடு சண்டை போட்டுக்கொண்டு ஐந்து நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்தது, அவர் பெட்டியை இறக்குவதும் டிரைவரைத் திட்டுவதும் மட்டும். "டீன், வந்துட்டார்" என்றாள். திரையை இழுத்து மூடினாள்.

டீன் கடைசித் திருகுகளை எப்படி முடுக்கினான் என்று யாரும் பார்க்கவில்லை. கருவிகளைத் துணியில் சுற்றிப் பையில் போட்டான். கீழே கோர்டன் தன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும், காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் வெறுங்காலோடு இறங்கினான். "முடிச்சாச்சுக்கா. மச்சானைக் குளிக்க வை. ஒண்ணும் ஆகாது."

லொரெய்ன் மத்தியானம் வரை காத்திருந்தாள். கீழே ரேடியோ ஓடியது, நின்றது. சாப்பாட்டுக்குப் பிறகு கோர்டன் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தூக்கம் போடுவது தெருவுக்கே தெரிந்த வழக்கம். இதுதான் நேரம் என்று நினைத்தாள்.

மெல்வின் கட்டிலிலிருந்து கைப்பிடியைப் பிடித்து எழுந்தான். சுவரைப் பிடித்தபடி, அவள் கை படாமல், புதுக் குளியலறைக்குப் போனான். ஷவரின் கீழே வெள்ளை பிளாஸ்டிக் முக்காலி. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வெந்நீர் தலையில் விழுந்தது. முதுகில் வழிந்தது. அவன் உதடு நடுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழாயை மூட மனசு வரவில்லை. வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெல்வின்தான் முதலில் கண்ணைத் திறந்தான். தலையைச் சாய்த்தான்.

"லொரெய்ன், இந்தத் தண்ணி எங்க போகுது?"

"எங்க போகும்? குழாய்ல போகும்."

"குழாய்ல போனா ஒரு சத்தம் இருக்கும். இது வேற. கீழ எங்கயோ விழுது. மூடு. மூடு!"

அவள் மூடினாள். நிசப்தத்தில் தரைக்கு அடியில், விரலால் அட்டைப்பெட்டியைச் சுண்டுவது போல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஷவர் தட்டின் பக்கத்தில் டீன் ஆணியடிக்காமல் விட்டிருந்த பலகையைப் பிடுங்கி, போன் வெளிச்சத்தைக் காட்டினாள். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு வாயைப் பிளந்துகொண்டு தனியாகக் கிடந்தது. இத்தனை நேரம் ஓடிய தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் குழாய்க்குள் போகவில்லை. உத்திரங்களுக்கு நடுவே கருப்பாக, குளம் போல, அசையாமல் நின்றது. அந்தக் குளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது கோர்டனின் கூரை. மரச்சட்டங்களின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழங்காலக் கூரை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குளம் தானாகச் சாயாது. பாரம் தாங்காமல் அடியில் கூரை தொங்க ஆரம்பித்திருக்கிறது.

டீனுக்குப் போன் செய்தாள்.

"அய்யோ" என்றான் டீன். பிறகு, "சரி, பதறாத. துணி போட்டு ஒத்தி எடு. மிச்சம் தானாக் காஞ்சிடும்."

"அவர் அடியில தூங்கறார், டீன்!"

"தூங்கறார்னு உனக்கு எப்படித் தெரியும்? சமையலறையில இருக்கலாம். அக்கா, நல்லாக் கேளு. நீ போய்க் கதவைத் தட்டினா, வீட்டுச் சாவியை நீயே அவர் கையில கொடுக்கற மாதிரி. கூரை விழுந்தாலும் பழைய கூரை, தானா விழுந்துச்சுன்னு சொல்லலாம். தட்டினா ஒண்ணும் சொல்ல முடியாது."

போனைக் காதிலிருந்து எடுத்தாள். அந்த இடத்தில் அவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வீடு போகும். மெல்வினை எந்தப் பராமரிப்பு விடுதியிலோ கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கோர்டன் ஒருவேளை சமையலறையில் இருக்கலாம். இருக்கலாம் அல்லவா?

"என்ன நிக்கற?" என்றான் மெல்வின். அவன் முக்காலியில் நனைந்த உடம்போடு, துண்டு இல்லாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "போ."

"உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது? விழுந்துடுவ."

"நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல. போடி!"

அவள் போனாள். கோர்டன் கதவில் மணி அடித்தாள். கையால் குத்தினாள். கத்தினாள். காதுக்கருவி இல்லாத மனிதருக்கு அது எதுவும் கேட்கப்போவதில்லை என்பது கத்தும்போதே தெரிந்தது. வெளியே ஓடி, பக்கச் சந்து வழியாக அவருடைய தோட்டத்துக்குள் நுழைந்தாள். படுக்கையறைச் சன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் படுத்து, வாயைத் திறந்துகொண்டு. அவருக்கு மேலே கூரை கர்ப்பிணி வயிறு போல இறங்கியிருந்தது. நடுவில் ஒரு விரிசல். அதிலிருந்து சொட்டு விழுந்து போர்வை நனைந்திருந்தது. அது அவர் காலடிப் பக்கம். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

ரோஜாப் பாத்தியில் மண்வெட்டி கிடந்தது. அதை எடுத்துச் சமையலறைக் கதவின் கண்ணாடியில் வீசினாள். உடைந்த ஓட்டையில் கையை விட்டுத் தாழை நீக்கினாள். முழங்கையில் கிழித்தது பிறகுதான் தெரிந்தது. படுக்கையறைக்குள் ஓடி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

கோர்டன் கண்ணைத் திறந்தபோது பார்த்தது, ரத்தக் கையோடு மேலே கவிழ்ந்திருக்கும் ஒரு உருவம். திருடன் என்று நினைத்தார். முஷ்டியை மடக்கி அவள் கன்னத்தில் விட்டார். எழுபது வயசுக்கு அது நல்ல குத்து. அவள் கண்ணில் பூச்சி பறந்தது, பிடியை விடவில்லை.

"எந்திரிங்க! கூரை! கூரை!"

"யாருடா அது! விடுடா! போலீஸ்!"

அவருக்கு அவள் வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு அவரைத் தூக்கும் பலம் இல்லை. போர்வையோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிலிலிருந்து தரைக்கு இழுத்துத் தள்ளினாள். அவர் காலால் உதைத்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டையை இழுப்பது போல, பின்பக்கமாக நடந்து அவரைக் கதவு நிலை வரை இழுத்தாள். அவர் அவளைக் கடிக்கக்கூட முயன்றார்.

அப்போதுதான் விழுந்தது. முதலில் ஒரு முனகல், மரம் பிளப்பது போல. பிறகு கூரையின் நடுப்பகுதி முழுசாக, சாந்தும் சட்டமும் தண்ணீரும் நூறு வருஷத்துத் தூசியுமாக, கட்டிலின்மேல் இறங்கியது. கட்டிலின் ஒரு கால் ஒடிந்தது. தலையணை இருந்த இடத்தில் ஒரு ஆள் பருமனில் சாந்துப் பாளம்.

தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கோர்டன் தரையில் உட்கார்ந்தபடி கட்டிலைப் பார்த்தார். பிறகு மேலே, ஓட்டை வழியாகத் தெரிந்த பளபளப்பான புதுக்குழாயைப் பார்த்தார். பிறகு அவளை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மிஸஸ் காரிட்டி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "என் வீட்டை விட்டு வெளியே போங்க."

அவள் மாடிக்கு ஓடினாள். மெல்வின் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தான். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. காலுக்கு அடியில் வீடு இடிந்த சத்தத்தை அவன் கேட்டிருந்தான். அவள் வரும்வரை யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

"இருக்காரா?" என்றான்.

"இருக்கார்."

அவன் கைப்பிடியை விட்டுவிட்டு அவள்மேல் சாய்ந்தான். அவனைத் துடைத்துவிட்ட துண்டில் அவள் ரத்தமும் சுண்ணாம்பும் ஒட்டின.

பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். கம்பெனியின் குழாய்க்காரர் வந்து புதுக் குளியலறைக்குத் தண்ணீரை நிறுத்தி, பழையதற்கு மறுபடி இணைத்துவிட்டுப் போனார். வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது: ஒப்பந்தத்தை மீறியதால் குத்தகையை முறிக்கப் போகிறோம். லொரெய்ன் ஒன்றையும் மறைக்கவில்லை. கிரெஸ்வெல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றாள். டீன் பூங்கொத்தோடு வந்தபோது வாசலிலேயே நிறுத்தினாள்.

"தப்பா முடுக்கினதுக்கு உன்மேல கோவம் இல்லடா" என்றாள். "அவர் தூங்கறார்னு சொன்னப்புறமும் துணி போட்டு ஒத்துன்னு சொன்ன பாரு. அதை என்னால மறக்க முடியல. நானும் ஒரு நிமிஷம் அதைக் கேட்டுட்டு நின்னேன். அதையும்தான்." பூவை வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

அக்டோபரில் சேதத்தை அளக்க ஒரு சர்வேயர் வந்தார். கோர்டனும் கூடவே மாடி ஏறினார். தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அவர் லொரெய்னோடு பேசவில்லை. அவள் கன்னத்துக் காயம் மஞ்சளாகிக் கொண்டிருந்தது. அதையும் பார்க்கவில்லை. சர்வேயர் தரையை அளந்துகொண்டிருந்தபோது நடையின் கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கோர்டன் எட்டிப் பார்த்தார்.

மெல்வின் கழிப்பறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தான். பிறகு செத்த மீனை எடுப்பது போல ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி வைத்தான். மூச்சு வாங்கினான். அடுத்த படி. அவன் கால்சட்டையின் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. கோர்டன் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"டிக்கெட் வாங்கிட்டீங்களா, கோர்டன்? வேடிக்கை இலவசம் இல்ல."

கோர்டனின் காது சிவந்தது. "எத்தனை நாளா இப்படி?" என்றார்.

"ரெண்டு வருஷமா."

"நான்... கேக்கோட கேட்க வந்தவ, கொஞ்சம் கூட்டித்தான் சொல்றாள்னு நினைச்சேன்."

"அவளுக்குக் கூட்டத் தெரியாது. கேக்குலயே இனிப்பு கம்மியாத்தான் இருக்கும்" என்றான் மெல்வின். கையை ஊன்றி அடுத்த படிக்கு ஏறினான். கோர்டன் கைகொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் மெல்வின் வாங்கியிருக்கமாட்டான். ஆனால் அவன் மேலே வந்து சேரும்வரை அவர் அங்கேயே நின்றார்.

நவம்பரில் குரொய்டனில் கிரெஸ்வெல்லின் அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். கம்பெனியின் வழக்கறிஞர் ஒரு பெண். பேச்சு சன்னமாக, வேகமாக இருந்தது. கோர்டனின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுதான் மிச்சம். மேசைக்கு எதிர்ப்பக்கம் லொரெய்ன், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டை இழந்தால் எங்கே போவது என்று முந்தின இரவு மெல்வினும் அவளும் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்தியிருந்தார்கள்.

கோர்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஒரு பக்கம் திரும்பியது. இன்னொன்று. பேனாவைத் திறந்தார். லொரெய்ன் பேனாவின் முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்றார் கோர்டன். "'இந்தக் குடித்தனக்காரர் இந்தக் கட்டடத்தில் தொடர்ந்து இருப்பது என் உயிருக்கு ஆபத்து.' இதை நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க சொன்னதோட சாரம் அதுதான், மிஸ்டர் டல்லக்" என்றார் வழக்கறிஞர்.

"சாரம் எடுக்க நான் என்ன எலும்பா? சொல்லாம வேலை பார்த்தாள்னு சொன்னேன். என் கூரையை விழவச்சாள்னு சொன்னேன். அதுல ஒரு எழுத்து மாத்த மாட்டேன். ஆனா கூரை விழறதுக்கு முன்னாடி என்னை இழுத்துப் போட்டதும் அவதான். நான் குத்தினேன், அவ விடல. அதையும் சொன்னேனே, அது எங்க? தேடித் தேடிப் பார்க்கறேன், காணோம்."

கிரெஸ்வெல் தொண்டையைச் செருமினார். "அது இந்த வழக்குக்கு அவசியமில்லை..."

"ஏன் அவசியமில்ல? நாலு வருஷமா மழைநீர்க் குழாய் ஒழுகுதுன்னு எழுதறேன். ஒருத்தன் ஏணியோட வரல. இப்ப ஒரு வீட்டைப் பிடுங்கலாம்னதும் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கீங்க, பிஸ்கட்டோட. உங்க கம்பெனிக்கு மாடி வீடு வேணும். அதுக்கு என் கூரை ஒரு சாக்கு." பேனாவை மூடினார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வழக்கறிஞர் எதையோ கிரெஸ்வெல் காதில் சொன்னார். லொரெய்ன் அழக்கூடாது என்று நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணும் எழுதிக்குங்க" என்றார் கோர்டன், அவள் பக்கம் திரும்பாமலே. "என் தலைக்கு மேல தண்ணி வரதுக்கு நான் இன்னமும் சம்மதிக்கல. சாகற வரைக்கும் சம்மதிக்க மாட்டேன். ஆனா என் படுக்கையை முன்னறைக்கு மாத்திக்கறேன். அப்ப மேல என்ன வந்தாலும் என் தலைக்கு மேல வராது. இப்பத் தூங்கற நடு அறையில சோபாவைப் போட்டுக்கறேன். கம்பெனி நல்ல ஆளை வச்சுக் கூரையையும் செய்யணும், மேல குளியலறையையும் செய்யணும், இன்ஜினியர் பார்க்கணும். அவ தம்பி அந்தத் தெருப்பக்கமே வரக்கூடாது."

"கோர்டன்..." என்றாள் லொரெய்ன்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிக்காத. எனக்கு முன்னறையில வெயில் நல்லா வரும். அவ்வளவுதான்."

கம்பெனி உடனே விட்டுவிடவில்லை. குளிர்காலம் முழுக்கக் கடிதங்கள் போய் வந்தன. சாட்சி கைநழுவியதும் வழக்கு சுருங்கியது. சுருங்கியபின் அபராதமும் நிபந்தனைகளுமாக ஒரு அனுமதி வந்தது. அதற்குள் மெல்வினின் கைகளிலும் பலம் குறைய ஆரம்பித்திருந்தது. படியில் ஊன்றி ஏறுவதும் முடியாமல், கட்டிலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே மலஜலம் கழிக்கத் துளைபோட்ட நாற்காலி வந்தது. அதை அவன் பேசாமல் ஏற்றுக்கொண்டான். ஆனால் அந்த மாதங்களில் அவன் ஜோக் அடிப்பது நின்றிருந்தது. லொரெய்னுக்கு அது எந்தக் கடிதத்தையும்விடப் பயமாக இருந்தது.

ஏப்ரலில் வேலை முடிந்தது. முறையாக வந்த ஆட்கள் டீன் வெட்டிய உத்திரத்துக்கு இரும்புப் பட்டை போட்டார்கள். தரை முழுக்க ரப்பர் போலத் தண்ணீர் புகாத பூச்சு. இன்ஜினியர் பார்த்துவிட்டுப் போனார். கோர்டனுக்கு அது போதவில்லை. தான் கீழே உட்கார்ந்து பார்க்காமல் யாரும் அங்கே குளிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை. கோர்டன் நடு அறையில் சோபாவைத் தள்ளிவிட்டு, புதுக் கூரைக்கு நேர் கீழே தரை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். நடுவில் நாற்காலி போட்டு, இரண்டு காதிலும் கருவியை மாட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து உட்கார்ந்தார். சன்னல் திறந்திருந்தது, மாடியிலும் திறந்திருந்தது.

மேலே மெல்வினைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள் லொரெய்ன். வாசலில் அவன் நிறுத்தச் சொன்னான். கைப்பிடியைப் பிடித்து, தானாக ஷவருக்குக் கீழே இருந்த இருக்கைக்கு மாறினான். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"திறக்கறேன்!" என்று சன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"திற!" என்று கீழேயிருந்து வந்தது.

தண்ணீர் விழுந்தது. மெல்வின் இந்த முறை கண்ணை மூடவில்லை. தலையைச் சாய்த்துத் தரையைக் கவனித்தான். லொரெய்ன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் உருண்டையான சத்தம் கேட்டது. வேறு சத்தம் ஏதாவது வருகிறதா என்று மூன்று பேரும் இரண்டு தளத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோர்டன்! ஏதாவது தெரியுதா?"

பதில் இல்லை. அவள் கை குழாயின்மேல் போயிற்று.

"கோர்டன்!"

"கழுத்து வலிக்குது!" என்று சத்தம் வந்தது. "வேற ஒண்ணும் இல்ல. பேப்பர் காஞ்சுதான் இருக்கு."

"அப்ப மூடட்டுமா?"

"எதுக்கு மூடணும்? ஒரு மனுஷன் குளிச்சு முடிக்க வேண்டாமா? ஓடட்டும். நான் உட்கார்ந்து பார்த்துக்கறேன்."

மெல்வின் சோப்பை எடுத்தான். அது கைநழுவி விழுந்தது. லொரெய்ன் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் மெதுவாக, அவசரமில்லாமல், தலைக்குத் தேய்க்க ஆரம்பித்தான்.